கூழும் மீசையும்: மிஸ் அமெரிக்கா போட்டியின் நூறு ஆண்டுகள்

1994இல் சுஷ்மிதா சென், 2000இல் லாரா தத்தா, 2021இல் ஹர்னாஸ் சந்து என இந்தியப் பெண்கள் மூவர் சூடிய மிஸ் யூனிவர்ஸ் கிரீடம், ஒரு நீச்சலுடை கம்பெனிக்கு வந்த கோபத்தில் பிறந்தது. கோபத்துக்குக் காரணம் யோலண்ட் பெட்பீஸ். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்துப் பெண். கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். ஓபரா பாடகியாக வேண்டும் என்ற கனவோடு இருந்தவர். 1950 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்றார். பட்டம் வென்றவர், விளம்பரதாரரான கேட்டலினா கம்பெனியின் நீச்சலுடையை அணிந்து ஊர் ஊராகக் கடைகளில் தோன்றுவது அதுவரை இருந்த வழக்கம். நான் பாட வந்தவள், நீச்சலுடையில் படத்துக்கு நிற்க வந்தவள் அல்ல என்று பெட்பீஸ் மறுத்துவிட்டார். போட்டி நிர்வாகம் அவர் பக்கம் நின்றது. கேட்டலினா தன் பணத்தோடு வெளியேறி, 1952இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் சொந்தமாக இரண்டு போட்டிகளைத் தொடங்கியது. ஒன்று மிஸ் யுஎஸ்ஏ, மற்றது மிஸ் யூனிவர்ஸ்.

அந்த முதல் மிஸ் யூனிவர்ஸ் போட்டிக்கு இந்தியாவில் இருந்து சென்றவர் சென்னையில் பிறந்த நாட்டியக் கலைஞர் இந்திராணி ரஹ்மான். அப்போதே அவர் திருமணமாகிக் குழந்தை பெற்றவர். தாயார் ராகினி தேவி என்ற பெயரில் இந்திய நாட்டியம் ஆடிய அமெரிக்கப் பெண்மணி. பின்னாளில் அழகிப் போட்டிகள் கடைப்பிடித்த மணமாகாதவர், தாயாகாதவர் என்ற நிபந்தனைகளை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பெட்பீஸின் மறுப்பு திடீரென்று வந்ததல்ல. மிஸ் அமெரிக்கா போட்டி பிறந்த நாள் முதல் அதற்குள் ஓர் இழுபறி இருந்தது. கூட்டத்தைச் சேர்த்தது நீச்சலுடை. பெரிய விளம்பரதாரர்களையும் நல்ல குடும்பத்துப் பெண்களையும் சேர்த்தது கௌரவம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற நிலையிலேயே அந்த அமைப்பு நூறு ஆண்டுகளை ஓட்டியிருக்கிறது. விதிகள் பலமுறை மாறின. ஒவ்வொரு முறையும் மாற்றியவர் யார், யாருடைய பணத்துக்காக மாற்றினார் என்று பார்த்துக்கொண்டே போனால், அழகு பற்றிய விவாதங்கள் காட்டாத ஒரு வரலாறு கிடைக்கிறது.

காலி அறைகள்

அட்லாண்டிக் சிட்டி நியூஜெர்சி மாநிலத்தின் கடற்கரை ஊர். பிலடெல்ஃபியாவில் இருந்தும் நியூயார்க்கில் இருந்தும் ரயிலில் வந்து இறங்கும் கோடைக் கூட்டம்தான் அதற்குப் பிழைப்பு. செப்டம்பர் முதல் திங்கள்கிழமை அங்கே தொழிலாளர் தினம். அன்றோடு அமெரிக்கர்களின் கோடை முடிந்துவிடும், மறுநாள் ஓட்டல் அறைகள் காலி. வெயிலும் கடலும் இருக்க, ஆட்கள் மட்டும் இல்லை. இன்னும் ஒரு வாரமாவது கூட்டத்தைப் பிடித்துவைக்க 1920இல் உள்ளூர் வியாபாரிகள் ஒரு விழா எடுத்தார்கள். கடலோர மரப்பலகை நடைபாதையில், பிரம்பாலான தள்ளு நாற்காலிகளில் பெண்களை உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். அடுத்த ஆண்டு ஊர்வலத்தோடு போட்டியும் சேர்ந்தது.

போட்டிக்குப் பெண்களைத் தேடிக் கொடுத்தவை சுற்றுவட்டார நகரங்களின் நாளிதழ்கள். வாசகிகளிடம் புகைப்படம் கேட்டு, தேர்ந்தெடுத்து, தங்கள் ஊர் அழகி என்று அனுப்பிவைத்தார்கள். ஓட்டலில் அறை நிரம்பியது. பத்திரிகைக்குப் பிரதி கூடியது. வாஷிங்டன் நாளிதழ் தேர்ந்தெடுத்தது மார்கரெட் கோர்மன் என்ற பள்ளிச் சிறுமியை. செய்தி சொல்ல நிருபர்கள் தேடிப் போனபோது அவள் பூங்காவில் மண்ணில் குந்தி கோலி விளையாடிக்கொண்டிருந்தாள் என்பார்கள். 16 வயது, ஐந்து அடி ஓர் அங்குல உயரம். அட்லாண்டிக் சிட்டியில் அவளுக்குக் கடற்கன்னி உருவம் பொறித்த தங்கநிறக் கோப்பை கிடைத்தது. கடல் தேவன் நெப்டியூனாக வேடம் கட்டி விழாவை நடத்தியவர் வெள்ளைத் தாடி ஹட்சன் மாக்சிம். வெடிமருந்துக் கண்டுபிடிப்பாளர், பரிசோதனை விபத்தில் ஒரு கையை இழந்தவர், மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவரின் தம்பி.

போட்டிக்குச் சில நாட்கள் முன்புதான் அதே கடற்கரையில், காலுறையை முழங்காலுக்குக் கீழே சுருட்டிவிட்டிருந்த ஒரு பெண்ணைக் காவலர்கள் கைதுசெய்திருந்தார்கள். முழங்கால் தெரியக் கூடாது, உடலோடு ஒட்டிய குளியலுடை கூடாது என்பது ஊர்ச் சட்டம். போட்டி நடந்த நாளில் அந்தச் சட்டத்தை நகராட்சி நிறுத்திவைத்தது. தன் விருப்பத்துக்கு முழங்காலைக் காட்டியவளுக்குச் சிறை, ஊர் வருமானத்துக்காகக் காட்டியவளுக்குக் கோப்பை. இந்த வழக்கில் இதைவிடப் பொருத்தமான சாட்சியம் எனக்குத் தட்டுப்படவில்லை.

1922இல் கோர்மன் மறுபடி வந்தபோது வாஷிங்டனுக்கு வேறொரு அழகி தேர்வாகியிருந்தாள். பழைய வெற்றியாளரை என்ன சொல்லி அழைப்பது? அப்படித்தான் மிஸ் அமெரிக்கா என்ற பட்டம் நிலைத்தது. சில ஆண்டுகளிலேயே போட்டியாளர் எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. மேரி கேத்தரின் கேம்பெல் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். அதன் பிறகு ஒருவர் ஒருமுறைதான் வெல்லலாம் என்று விதி வந்தது. மணமான பெண்கள் மறைத்துக் கலந்துகொண்டதாகச் சர்ச்சை, வென்றவர்கள் நாடக மேடைகளுக்குப் போய்ச் சம்பாதிப்பதாகப் புகார் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெண்கள் சங்கங்களும் தேவாலயங்களும் கண்டித்தன. 1928இல் ஓட்டல் முதலாளிகளே போட்டியை நிறுத்தினார்கள். அவர்களுக்கு மனசாட்சி உறுத்தியதாகச் சொல்ல முடியாது. போட்டிக்காக வரும் கூட்டம், கௌரவமான குடும்பங்களை விரட்டிவிடுமோ என்று பயந்தார்கள். 1933இல் ஒரு முறை நடத்திப் பார்த்தார்கள்; 15 வயதுச் சிறுமி ஒருத்தி வென்றாள்; மறுபடி நின்றது.

ஆறு வாரத்துக்கு வந்தவர்

1935இல் போட்டியை மீண்டும் நடத்த, புளோரிடாவில் இருந்து ஆறு வார வேலைக்கு என்று அழைத்துவரப்பட்டார் லெனோரா ஸ்லாட்டர். 1967 வரை இருந்தார். மிஸ் அமெரிக்கா என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர் கட்டியது: திறமைச் சுற்று, உதவித்தொகை, மாநில வாரியான தேர்வு, ஜேசீஸ் போன்ற ஊர்ப் பெரிய மனிதர் சங்கங்களின் ஆதரவு எல்லாம்.

அவர் எந்தச் சூழலில் வேலை செய்தார் என்பதற்கு 1937 போதும். அந்த ஆண்டு வென்றவள் பெட்டி கூப்பர், நியூஜெர்சியைச் சேர்ந்த 17 வயதுப் பெண். ஒரு கேளிக்கைப் பூங்காவில் விளையாட்டாகக் கலந்துகொண்ட போட்டியில் வென்று, அந்த வழியே அட்லாண்டிக் சிட்டிக்கு வந்துசேர்ந்தவள். சனிக்கிழமை இரவு கிரீடம் சூட்டினார்கள். விடிந்ததும் படம் எடுக்கப் புகைப்படக்காரர்கள் திரண்டார்கள், அதிகாரிகள் வந்தார்கள், மற்ற அழகிகள் வந்தார்கள், மிஸ் அமெரிக்காவைக் காணவில்லை. அவளுக்குத் துணையாக நியமிக்கப்பட்டிருந்த உள்ளூர் இளைஞரின் உதவியோடு இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போயிருந்தாள். ஓர் ஆண்டு முழுக்கக் கடைகளிலும் மேடைகளிலும் தோன்றும் வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று அந்தச் சிறுமியும் குடும்பமும் முடிவுசெய்துவிட்டார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். காதல் ஓட்டம் என்று எழுதித் தள்ளினார்கள்.

ஸ்லாட்டர் எடுத்த நடவடிக்கைகளைப் பார்த்தால் பெண்கள் விடுதி ஒன்றின் கட்டுப்பாடுகள் போலவே இருக்கும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மதுக்கூடத்தில் காலடி வைக்கக் கூடாது. போட்டி வாரத்தில் எந்த ஆணோடும், பெற்ற தகப்பனாக இருந்தாலும், தனியே பேசக் கூடாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் உள்ளூர்க் குடும்பத் தலைவி ஒருவர் காவல். அந்தக் குழுவுக்குத் தலைமையேற்க அவர் அழைத்துவந்தவர் நகர மேயரின் மனைவி, எளிமைக்கும் ஒழுக்கத்துக்கும் பெயர்பெற்ற குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் வந்து உட்கார்ந்த பிறகு நகரத்தின் மற்ற பெரிய வீட்டுப் பெண்மணிகள் வராமல் இருப்பார்களா?

அதே காலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. விதிப்புத்தகத்தில் ஏழாவது. போட்டியாளர் நல்ல உடல்நலத்தோடும் வெள்ளை இனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். வம்சாவளியை எட்டியவரை எழுதிக் கொடுக்கப் படிவம் உண்டு. 1950 வாக்கில்தான் அந்த விதி எழுத்தில் இருந்து நீங்கியது. ஸ்லாட்டரைப் பற்றி எழுதுபவர்கள் சிலர் உதவித்தொகை தந்த அம்மையார் என்று புகழ்வார்கள். சிலர் இனவெறியர் என்று முடிப்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்களாகத் தெரிகின்றன. கௌரவம் என்பதை அன்றைய அமெரிக்காவின் பணக்கார வீடுகளிடம் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. யாரை உள்ளே விடவில்லை என்று காட்டுவதும் அந்த விலையில் அடக்கம்.

உதவித்தொகை யோசனை போர்க்காலத்தில் வந்தது. 1943இன் வெற்றியாளர் ஜீன் பார்டெல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவி. போர்ப் பத்திரங்கள் விற்க நாடு முழுவதும் சுற்றி 25 லட்சம் டாலர் அளவுக்கு விற்றுக் கொடுத்தார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது ஸ்லாட்டர் கண்ணில் பட்டது. போட்டியை ஆண்கள் மட்டும் பார்ப்பதில்லை. பெண்களும் பார்க்கிறார்கள், பணமும் கொடுக்கிறார்கள். கல்லூரி மாணவிகளைச் சந்தித்த இடங்களில் பார்டெலிடம் எழுந்த பேச்சு, கம்பளிக் கோட்டுக்கும் ஹாலிவுட் வாய்ப்புக்கும் பதில் படிப்புச் செலவைக் கொடுத்தால் என்ன என்பது. ஸ்லாட்டர் கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதி ஐந்து விளம்பரதாரர்களிடம் 5,000 டாலர் திரட்டினார். ஷாம்பு, கைக்கடிகாரம் விற்பவர்களோடு நீச்சலுடை விற்கும் கேட்டலினாவும் அதில் இருந்தது.

அந்த முதல் உதவித்தொகையை வென்றவர், விதி எண் ஏழை எழுதியவர்கள் எதிர்பார்த்த பெண் அல்ல. பெஸ் மயர்சன், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் யூதத் தொழிலாளர்களின் கூட்டுறவுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஹன்டர் கல்லூரிப் பட்டதாரி. பியானோவும் புல்லாங்குழலும் வாசிப்பவர். ஸ்லாட்டர் அவரிடம் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பெத் மெரிக் என்று வைத்துக்கொண்டால் மேடைக்கு நன்றாக இருக்கும் என்பது யோசனை. யூதப் பெயர் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள் என்று மயர்சனுக்குப் புரிந்தது. மறுத்தார். வெற்றி பெற்றது 1945 செப்டம்பரில்; நாஜி முகாம்களின் படங்களை உலகம் அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

வென்ற பின் நடந்தது இன்னும் கசப்பானது. விளம்பரதாரர்களில் பெரும்பாலோர் யூதப் பெண் தங்கள் பொருளுக்கு முகமாக வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். சுற்றுப்பயண அழைப்புகள் வரவில்லை. ஒரு கிளப்பில் அவருக்கென்று ஏற்பாடான வரவேற்பு, அங்கே யூதர்களை அனுமதிப்பதில்லை என்ற காரணத்தால் நின்றது. மயர்சன் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு, வெறுப்புணர்வுக்கு எதிராகப் பள்ளிகளில் பேசப் போய்விட்டார். உதவித்தொகையை மட்டும் விடவில்லை.

1948இல் வெற்றியாளருக்கு முதன்முறையாக நீச்சலுடையில் அல்லாமல் மாலை அங்கியில் கிரீடம் சூட்டினார்கள். புகைப்படக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டே ஆண்டில் பெட்பீஸ். ஸ்லாட்டர் ஏன் கேட்டலினாவை விட்டுவிட்டு அந்தப் பெண் பக்கம் நின்றார் என்பதற்கு இப்போது பதில் கிடைக்கும்: 1950இல் நீச்சலுடை கம்பெனியைவிடப் பெரிய பணம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. 1954இல் ஏபிசி தொலைக்காட்சி போட்டியை நேரலையாகக் காட்டியது. பார்த்தவர்கள் 2.7 கோடிப் பேர். நடுவர்களில் ஒருவர் நடிகை கிரேஸ் கெல்லி. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. நீச்சலுடைச் சுற்று அப்படியே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்கு நீச்சலுடை கூடாது, மதிப்பெண்ணுக்கு உண்டு. இந்த ஏற்பாடு இன்னும் அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் நீடித்தது.

பெட்பீஸ் பின்னாளில் இன ஒதுக்கலுக்கு எதிராக நியூயார்க்கில் மறியல் செய்தார். கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லாத போட்டி அமெரிக்காவின் போட்டியே அல்ல என்று தன்னை முடிசூட்டிய அமைப்பைப் பற்றியே வெளிப்படையாகப் பேசினார்.

எரியாத நெருப்பு

1968 செப்டம்பர் 7, சனிக்கிழமை. அட்லாண்டிக் சிட்டியின் மரப்பலகை நடைபாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த பெண்ணியக் குழு ஒன்றின் ஏற்பாடு. முன்னின்றவர்களில் ஒருவர் ராபின் மோர்கன். ஓர் ஆட்டை இழுத்துவந்து அதற்குக் கிரீடம் சூட்டினார்கள். பெரிய குப்பைத் தொட்டி ஒன்றை வைத்து அதில் உள்ளாடை, இடுப்புக் கச்சை, குதிகால் செருப்பு, பொய் இமை, முடிச்சுருட்டி, தரை துடைப்பான், பெண்கள் பத்திரிகைகள் என ஒவ்வொன்றாக வீசினார்கள்.

எதையும் எரிக்கவில்லை. காலடியில் இருப்பது மரப்பலகை. நகராட்சியிடம் அனுமதி கேட்டபோதே தீ வைக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் ராணுவ அழைப்பு அட்டைகளை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அதோடு ஒப்பிட்டு நியூயார்க் போஸ்ட் நாளிதழில் ஒரு செய்தி வர, உள்ளாடையை எரித்த பெண்கள் என்ற கதை உலகம் சுற்றியது. இன்றும் நம் ஊரில் பெண்ணியத்தைக் கேலி செய்பவர்கள் கையில் எடுப்பது, நடக்காத அந்த நெருப்பைத்தான்.

அவர்கள் விநியோகித்த துண்டறிக்கையில் போட்டியின் மீது பத்துக் குற்றச்சாட்டுகள் இருந்தன. பெண்ணைப் பொருளாக்குவது அதில் ஒன்று. எவ்வளவோ பேர் கவனிக்காமல் விட்டவை மற்றவை: போட்டி விளம்பரதாரர்களின் விற்பனைத் தந்திரம் என்பது, வெற்றியாளரை வியட்நாமுக்கு அனுப்பிப் போருக்கு அலங்காரப் பதுமையாக்குகிறார்கள் என்பது, ஒரு கறுப்பினப் பெண்கூட இறுதிப் போட்டிக்கு வந்ததில்லை என்பது. விளம்பரதாரர் ஒருவரின் தயாரிப்பான, முடியைச் சுருட்டும் மருந்தை அரங்கில் தெளித்ததற்காக ஒரு பெண் கைதானார். அரங்கின் மாடத்தில் இருந்து பெண் விடுதலை என்று எழுதிய பதாகை தொங்கியது.

அன்று அதே ஊரில், நான்கு தெரு தள்ளியிருந்த ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில், நள்ளிரவுக்குப் பிறகு வேறொரு கிரீடம் சூட்டப்பட்டது. முதலாவது மிஸ் பிளாக் அமெரிக்கா போட்டி. வென்ற சாண்ட்ரா வில்லியம்ஸ் 19 வயதுக் கல்லூரி மாணவி. வெளியே போராடிய பெண்கள் கிரீடமே வேண்டாம் என்றார்கள். இந்தப் பெண்கள் எங்களுக்கும் கிரீடம் உண்டு என்றார்கள். ஒரே போட்டிக்கு எதிரான இரு கண்டனங்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. விதி ஏழு நீங்கி ஏறக்குறைய 20 ஆண்டு ஆகியும் கதவு திறந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இரண்டாவது கண்டனத்தைச் சின்னதாக எடைபோட முடியாது. 1970இல்தான் அயோவா மாநிலத்தின் சார்பில் செரில் பிரவுன் என்ற முதல் கறுப்பினப் பெண் மிஸ் அமெரிக்கா மேடை ஏறினார்.

போராட்டத்தால் போட்டி ஆடிப்போனதா? மாறும் சமூகத்தை இந்தப் போட்டி பிரதிபலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு பெப்சி கம்பெனி விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. நிர்வாகத்துக்கு உறைத்தது அதுதான்.

பத்து மாத அரசி

1983 செப்டம்பர் 17 அன்று நியூயார்க் மாநிலத்தின் வனெஸ்ஸா வில்லியம்ஸ் வென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நாடகமும் இசையும் படித்துக்கொண்டிருந்த 20 வயதுப் பெண். மிஸ் அமெரிக்கா பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். கொலை மிரட்டல்கள் வந்தன. சொந்த ஊர் வரவேற்பு ஊர்வலத்தில் கூரைகளின் மேல் துப்பாக்கிக் காவலர்களை நிறுத்த வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், இவள் நிறம் போதுமான அளவு கறுப்பில்லை என்று கறுப்பினத்தவர் சிலரே குறை சொன்னார்கள்.

1984 ஜூலையில் பென்ட்ஹவுஸ் பத்திரிகை, போட்டிக்கு வருவதற்கு முன் ஒரு புகைப்படக்காரர் எடுத்திருந்த அவருடைய நிர்வாணப் படங்களை வெளியிடப்போவதாக அறிவித்தது. அவர் அந்த ஸ்டுடியோவில் விடுமுறை வேலை பார்த்தவர். தன் அனுமதியின்றிப் போடுகிறார்கள் என்றார். முன்னதாக அதே படங்கள் பிளேபாய் பத்திரிகைக்கு வந்தபோது அதன் அதிபர் ஹியூ ஹெஃப்னர் வேண்டாம் என்றிருந்தார். போட்டி நிர்வாகம் வில்லியம்ஸுக்கு 72 மணி நேரம் கெடு விதித்தது. ஜூலை 23 அன்று அவர் விலகினார். இரண்டாம் இடம் பெற்றிருந்த சூசெட் சார்ல்ஸ், அவரும் கறுப்பினப் பெண்தான், மீதமிருந்த ஏழு வாரங்களுக்குப் பட்டத்தைச் சுமந்தார்.

அந்த இதழ் பல லட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தது. நீச்சலுடையில் பெண்களை நடக்கவைத்து மதிப்பெண் போடும் அமைப்பு, ஒரு பெண் ஏமாற்றப்பட்டதற்கு அவளையே தண்டித்தது என்று சொன்னால் நிர்வாகத்துக்குக் கோபம் வரும். எங்களுடையது உதவித்தொகைத் திட்டம், எங்கள் விளம்பரதாரர்கள் என்ன நினைப்பார்கள் என்பார்கள். உண்மையில் அந்த நிர்வாகிகள் தீயவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்லாட்டர் ஐம்பது ஆண்டுக்கு முன் கட்டிய கௌரவச் சுவர் அவர்களை அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவிடவில்லை.

வில்லியம்ஸ் பாடகியாகவும் நடிகையாகவும் எழுந்து நின்றார். அந்தப் போட்டியில் வென்ற எவரையும்விட உலகம் அறிந்த பெயர் இன்று அவருடையது. 2015 செப்டம்பரில் போட்டியின் நடுவர் குழுத் தலைவராக அவரை அழைத்து, நிர்வாகத் தலைவர் சாம் ஹாஸ்கெல் நேரலையில் மன்னிப்புக் கேட்டார். அரங்கில் அவருடைய தாயார் அமர்ந்திருந்தார். 31 ஆண்டு தாமதமான மன்னிப்பு. பார்வையாளர்கள் குறைந்துவந்த காலத்தில் வந்தது என்று கணக்குப் பார்ப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பணம் எங்கே போனது

இதற்கிடையில் அட்லாண்டிக் சிட்டிக்கே போட்டியின் தேவை போய்விட்டிருந்தது. 1976இல் நியூஜெர்சி வாக்காளர்கள் அந்த ஊரில் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி தந்தார்கள். 1978இல் முதல் விடுதி திறந்தது. செப்டம்பரில் அறை நிரப்ப அழகிகள் வேண்டியதில்லை, சூதாட்ட மேசை போதும். மிஞ்சியது தொலைக்காட்சிப் பணம் மட்டும்.

1995இல் நீச்சலுடைச் சுற்று வேண்டுமா என்று நேரலையிலேயே பார்வையாளர்களைத் தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் வேண்டும் என்றது. முடிவெடுக்கும் பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியடைந்தார்கள். ஆனால் வேண்டும் என்றவர்களும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். 2004இல் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடிக்குக் கீழே இறங்க, ஏபிசி கைவிட்டது. போட்டி லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தது; 2013இல் அட்லாண்டிக் சிட்டிக்குத் திரும்பியது.

திரும்பி வந்த ஆண்டில் வென்றவர் நினா தாவுலூரி. ஆந்திரத்தில் வேர்கொண்ட குடும்பம், நியூயார்க் மாநிலப் பிரதிநிதி, பாலிவுட் பாணி நடனம் ஆடினார். அன்றிரவே இணையத்தில் வசை பொழிந்தது. அரேபியப் பெண் என்றும் பயங்கரவாதி என்றும் எழுதினார்கள். நமக்கு உறுத்த வேண்டியது வேறொன்று. இந்த நிறத்தோடு இவர் இந்தியாவில் போட்டியிட்டிருந்தால் இறுதிச் சுற்றுக்கே வந்திருக்க மாட்டார் என்று இந்தியாவிலேயே பலர் அப்போது எழுதினார்கள். 2019இல் மிஸ் இந்தியா இறுதிப் போட்டியாளர்கள் முப்பது பேரின் படங்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டபோது, எல்லா முகமும் ஒரே நிறத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள்.

2014இல் அடுத்த அடி விழுந்தது. பெண்களுக்கு ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் உதவித்தொகை வழங்குவதாக அமைப்பு சொல்லிவந்தது. தொலைக்காட்சி நையாண்டியாளர் ஜான் ஆலிவரின் குழு வரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தது. ஒரு கல்லூரி, மாநிலப் போட்டியாளர்களில் யார் வந்தாலும் சலுகை தருகிறோம் என்று சொன்னால், வராதவர்களையும் சேர்த்துப் பெருக்கி எழுதியிருந்தார்கள். தேசிய அமைப்பு கையில் இருந்து உண்மையில் கொடுத்தது ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கும் குறைவு. அந்தத் தொகையோடும்கூட, பெண்களுக்கு மட்டும் என்று வழங்கும் அமைப்புகளில் இதைவிடப் பெரியதைத் தங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதே நிகழ்ச்சியில் சொன்னார்கள். மிஸ் அமெரிக்காவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாதபடி அந்த ஒரு வரி தடுக்கிறது.

2017 டிசம்பரில் நிர்வாகத் தலைவர் ஹாஸ்கெலும் சிலரும் முன்னாள் வெற்றியாளர்களின் உடலையும் அந்தரங்க வாழ்க்கையையும் இழிவாகப் பேசிய மின்னஞ்சல்கள் வெளியாகின. வனெஸ்ஸாவிடம் மன்னிப்புக் கேட்டாரே, அதே ஹாஸ்கெல். முன்னாள் மிஸ் அமெரிக்காக்கள் 49 பேர் கையெழுத்திட்டு விலகக் கோரினார்கள், விலகினார். தலைமைக்கு வந்தவர் கிரெட்சன் கார்ல்சன், 1989ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்கா, ஃபாக்ஸ் நியூஸ் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்த செய்தியாளர். 2018 ஜூனில் நீச்சலுடைச் சுற்றை ஒழித்தார். வெளித்தோற்றத்துக்கு இனி மதிப்பெண் இல்லை என்றார்.

மாநில அமைப்புகளில் பல கொதித்தன. எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுக்கலாம் என்பது வெளியே சொன்ன காரணம். நடப்பு வெற்றியாளரே தலைமை தன்னை அவமதிப்பதாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார். செப்டம்பர் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 43 லட்சம் பேர். முந்தைய ஆண்டைவிடப் பத்து லட்சம் குறைவு. நீச்சலுடையை நீக்கியதால்தான் குறைந்தது என்பவர்கள், அது இருந்தபோதும் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்ததை மறந்துவிடுகிறார்கள். கார்ல்சன் அடுத்த ஆண்டே விலகினார். 2019 டிசம்பரில் வென்ற கமில் ஷ்ரையர், திறமைச் சுற்றில் வெள்ளைக் கோட்டு அணிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி எழும் வேதியியல் சோதனை செய்து காட்டினார். பாட்டும் நடனமும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது உண்மையிலேயே விருந்துதான்.

நூற்றாண்டுப் போட்டி 2021 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சூதாட்ட விடுதி அரங்கு ஒன்றில் நடந்தது. தொலைக்காட்சியில் வரவில்லை, இணையத்தில் மட்டும் காட்டினார்கள். வென்ற எம்மா ப்ராய்ல்ஸுக்கு ஒரு லட்சம் டாலர் உதவித்தொகை. பிறகு உரிமை கைமாறியது. புதிய நிர்வாகம் உடல்தகுதிச் சுற்று ஒன்றைச் சேர்த்தது. போட்டியாளர்கள் விளையாட்டு உடையில் மேடைக்கு வர வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. 2024 ஜனவரியில் அந்தச் சுற்றையும் கடந்து வென்ற மேடிசன் மார்ஷ் அப்போது அமெரிக்க விமானப்படையின் பணியில் இருந்த அதிகாரி. அவருக்குக் கிடைத்த உதவித்தொகை 60,000 டாலர்.